மண்வள அட்டையில் இல்லாத சோடியம்: உப்பேறும் தலித் நிலங்களும் சான்றின் அரசியலும்

மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தான் மாநிலம் சூரத்கரில் தொடங்கிவைக்கப்பட்டது. உழவரின் கைக்கு வந்துசேரும் அந்த அட்டையில் 12 அளவுகள் அச்சிடப்பட்டிருக்கும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம் ஆகிய நான்கு. துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஆகிய ஐந்து நுண்ணூட்டங்கள். இறுதியாகக் கார அமில நிலை, மின்கடத்தும் திறன், கரிமச்சத்து. எவ்வளவு யூரியா போட வேண்டும், எவ்வளவு பொட்டாஷ் போட வேண்டும் என்று பரிந்துரைக்க இந்த 12 அளவுகள் போதும். கடற்கரையோரத்தில் அரை ஏக்கர் வைத்திருக்கும் தலித் உழவர் ஒருவரின் வயல் எதனால் பாழாயிற்று, யாரால் பாழாயிற்று என்று கேட்டால் அட்டையிடம் விடை கிடையாது. அதற்குத் தேவையான பதின்மூன்றாவது அளவான சோடியம் அதில் இல்லை.

மண் வேதியியலில் வழக்கறிஞர்களுக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். இறால் பண்ணைகளுக்கும் சாய, தோல் கழிவுகளுக்கும் எதிரான வழக்குகளில் நமது தரப்பு தடுமாறுவது பெரும்பாலும் சட்ட வாதத்தில் அன்று. எதிர்த்தரப்பு ஆய்வறிக்கையை நீட்டுகிறது. நமது தரப்பு ஒளிப்படங்களை நீட்டுகிறது. உப்புப் பூத்த வயலின் படம் மனத்தை உலுக்கும்; ஆனால் அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று படம் சொல்லாது. ஆகவே அளவீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

உவர், களர் என்று இரண்டு சொற்களைத் தமிழ் உழவர்கள் நெடுங்காலமாகவே பிரித்து வழங்கிவருகிறார்கள். அறிவியலும் அவ்வாறே பிரிக்கிறது. கரையும் உப்புகள் மிகுந்த மண் உவர். வேரைச் சுற்றிலும் நீர் இருந்தும் பயிரால் அதை உறிஞ்ச முடியாமல் வாடும். மண்ணின் களித்துகள்களில் சோடியம் ஏறி ஒட்டிக்கொண்ட மண் களர். அங்கே கெடுவது மண்ணின் கட்டமைப்பு. களி சிதறி நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். நீர் உள்ளே இறங்காது. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். உவருக்கு மருந்து நல்ல நீரும் வடிகாலும். களருக்கு அது போதாது. முதலில் ஜிப்சம் இட்டுச் சோடியத்தைப் பெயர்த்து, அதன் பிறகே நீர் பாய்ச்சி வடிக்க வேண்டும். கடல்நீர் ஊடுருவிய மண்ணில் இவ்விரண்டு கேடுகளும் ஒருசேர இருக்கும். அந்த மண்ணை நல்ல நீரால் மட்டும் கழுவினால் உப்பு போய்விடும், சோடியம் தங்கிவிடும். உவர் நிலம் களர் நிலமாக மாறும். எனவே எதை அளக்கிறோம் என்பது நிலத்தின் உயிரையே தீர்மானிக்கும் கேள்வி.

அமெரிக்க உவர்மண் ஆய்வகம் 1954-இல் வெளியிட்ட கையேட்டின் வரம்புகளே இன்றளவும் உலகெங்கும் அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன. நிறைவுற்ற மண்கூழிலிருந்து வடித்தெடுத்த நீரின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமனைத் தாண்டினால் உவர். மண்துகள்களில் ஒட்டியிருக்கும் பரிமாற்றச் சோடியம் 15 விழுக்காட்டைத் தாண்டினால், அல்லது வடிநீரில் கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடப்படும் சோடியம் ஈர்ப்பு விகிதம் 13-ஐத் தாண்டினால் களர். நெற்பயிர் 3 டெசிசீமன் வரை தாங்கும். அதற்கு மேல் கூடும் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சலில் ஏறத்தாழ 12 விழுக்காடு குறையும் என்பது பயிரியல் நூல்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு. ஏழைத் தாண்டும்போது பாதி விளைச்சல் போய்விடும். கடல்நீரோ ஏறத்தாழ 50 டெசிசீமன். அதன் சோடியம் ஈர்ப்பு விகிதம் 60-ஐ ஒட்டியது. கடல்நீரில் பாதியளவே உப்புள்ள நீரை ஒரு குளத்தில் தேக்கினாலும், பக்கத்து வயல் தாங்கக்கூடியதைப் போலப் பல மடங்கு உப்பு வரப்புக்கு அப்பால் காத்துக்கொண்டிருக்கிறது என்றே பொருள்.

அட்டையில்தான் மின்கடத்தும் திறன் இருக்கிறதே என்று வேளாண் துறை சொல்லலாம். இருக்கிறது, ஆனால் அது வேறு அளவு. நமது மண் ஆய்வுக்கூடங்களில் பொதுவாக ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு நீர் கலந்து கலக்கி அளக்கிறார்கள். நீர் கூடக்கூட உப்பு நீர்த்துப்போகும். அதே மண்ணை நிறைவுற்ற கூழாக்கி வடித்து அளந்தால் கிடைக்கும் எண் பல மடங்கு உயர்ந்திருக்கும். எத்தனை மடங்கு என்பது மணலா, களியா என்பதைப் பொறுத்து மாறும். அட்டையில் 1.5 என்று அச்சிடப்பட்டிருப்பதைப் பாடநூலின் 4 என்ற வரம்போடு ஒப்பிட்டு, பாதிப்பு இல்லை என்று வாதிடுவது முழத்தையும் மீட்டரையும் ஒன்றெனக் கொள்வதற்குச் சமம். எதிர்த்தரப்பு இப்படி வாதிடும்போது நமது தரப்பில் மறுத்துப் பேச ஆளில்லாமல் போவதுதான் துயரம்.

மாதிரி எடுக்கும் பருவமும் முறையும் இதைவிடப் பெரிய சிக்கல். அறுவடை முடிந்து வயல் வெறுமையாக இருக்கும்போது, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் மண் எடுக்க வேண்டும் என்பது திட்டத்தின் வழிமுறை. உர அளவைக் கணிக்க அது சரியானது. காவிரிப் படுகையில் சம்பா அறுவடை தை, மாசியில் முடிகிறது. வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் மேல்மண்ணைக் கழுவிவிட்டுப் போயிருக்கும். உப்பு கீழே இறங்கியிருக்கும் அந்த நேரத்தில் மேல்மண் யோக்கியமாகத்தான் தெரியும். வெயில் ஏற ஏற நிலத்தடி உப்புநீர் மண்துளைகள் வழியே மேலேறி ஆவியாகும். வைகாசியில் அதே வயல் வெளுத்துக் கிடக்கும். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டினால் களர் என்று அட்டையைக் கொண்டே கண்டுபிடிக்கலாமே என்பதும் பாதி உண்மைதான். உப்பும் சோடியமும் சேர்ந்திருக்கும் மண்ணில் கார அமில நிலை பெரும்பாலும் 8.5-க்குக் கீழேயே நிற்கும். உப்பு கழுவப்பட்டுச் சோடியம் தனித்து நின்ற பிறகே அது உயரும். அதற்குள் காலம் கடந்துவிடும்.

திட்டத்தின் தொடக்கச் சுற்றுகளில் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்ற கட்டக் கணக்கில் மாதிரிகள் எடுக்கப்பட்டன. சாதி உள்ளே நுழையும் இடம் இது. 2.5 ஹெக்டேர் என்பது ஆறு ஏக்கருக்கு மேல். பட்டியல் சாதியினர் பயிரிடும் ஒரு கைப்பற்றின் சராசரிப் பரப்பு ஒரு ஹெக்டேருக்கும் குறைவு என்பதை வேளாண் கணக்கெடுப்பே காட்டுகிறது. ஆக, ஒரே கட்டத்துக்குள் வாய்க்கால் தலைப்பில் இருக்கும் மிராசுதாரரின் நான்கு ஏக்கரும், வடிகால் ஓரத்துத் தாழ்வில் இருக்கும் நமது மக்களின் அரை ஏக்கர்களும் சேர்ந்தே விழும். மண் ஒன்றாகக் கலக்கப்படும். எண் ஒன்றாக வரும். அந்தச் சராசரியில் காணாமல் போவது யாருடைய வயல் என்று விளக்க வேண்டியதில்லை.

தலித் நிலம் தாழ்விலும் கடைமடையிலும் இருப்பது தற்செயலன்று. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் ஒதுக்கப்படத் தொடங்கிய பஞ்சமி நிலங்கள் அரசின் கையிலிருந்த தரிசுகளிலிருந்து வந்தவை. நில உச்சவரம்பின் உபரியாகவும் பூமிதானமாகவும் பின்னாளில் கைக்கு வந்தவற்றிலும், கொடுத்தவர்கள் எதை விட்டுக்கொடுக்க மனமுவந்தார்கள் என்பதை ஊர் அறியும். நீர் கடைசியாக வந்துசேரும் இடத்தில், ஊரின் வடிநீர் எல்லாம் தங்கும் இடத்தில் நிலம் கொடுத்துவிட்டு, அவர்களுக்கு விவசாயம் செய்யத் தெரியவில்லை என்று பேசுவது இங்கே நூற்றாண்டுப் பழக்கம். தமிழ்நாட்டில் உப்பால் பாதிக்கப்பட்ட நிலம் சுமார் 3.68 லட்சம் ஹெக்டேர் என மதிப்பிடப்பட்டிருக்கிறது. அதில் மிகப்பெரும் பகுதி களர். மாநிலத்தின் முதன்மையான மண்நோய் சோடியமாக இருக்க, உழவர் கையிலுள்ள அட்டை சோடியத்தை அளப்பதில்லை. அந்த 3.68 லட்சத்தில் தலித் நிலம் எவ்வளவு என்ற கேள்விக்கும் அட்டையில் இடமில்லை.

நாகை மாவட்டத்தின் வரலாறு இதைத் தெளிவாக்கும். 1968 டிசம்பர் 25 அன்று 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணிக்குப் பிறகு அம்மண்ணில் பணியாற்ற வந்தவர்கள் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர். அவர்கள் 1981-இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பு நிலமற்ற தலித் குடும்பங்களின், குறிப்பாகப் பெண்களின் பெயருக்கு நிலத்தைப் பெற்றுத் தந்தது. அந்த நிலங்களில் குடும்பங்கள் ஊன்றிக்கொள்ளும் முன்பே, 1990-களின் தொடக்கத்தில் இறால் பண்ணைகள் கடலோரத்துக்கு வந்துசேர்ந்தன. ஜெகந்நாதன் 1994-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு நாம் அனைவரும் படித்தாக வேண்டியது. கடலோர ஒழுங்காற்று மண்டலத்துக்குள் மரபு முறை அல்லாத இறால் குளங்களை இடிக்க வேண்டும். விளைநிலங்களையும் உப்பளங்களையும் ஊர்ப் பொதுநிலங்களையும் இறால் குளங்களாக மாற்றக் கூடாது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டை மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கப்பட வேண்டும் என்றது நீதிமன்றம். அத்தீர்ப்பு நின்றது நீரி எனப்படும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கைகளின் மீது. அதே ஆண்டின் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கிலும், தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்தது என்ற வேளாண் பல்கலைக்கழகத்தின் கண்டறிதல் தீர்ப்பிலேயே இடம்பெற்றது. அளந்து வைத்திருந்ததால் அந்த எண்கள் நீதிமன்றத்தில் பேசின.

பிறகு நடந்தது நாம் அறிந்ததே. மறுஆய்வு மனுக்களில் அத்தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. கடலோர ஒழுங்காற்று அறிவிக்கையிலிருந்து இறால் வளர்ப்புக்கு 1991 முதற்கொண்டே விலக்கு இருந்ததாக அச்சட்டம் முன்தேதியிட்டுச் சொன்னது. நீதிமன்றத்தில் தோற்றவர்கள் நாடாளுமன்றத்தில் வென்றார்கள். பதிவின்றிப் பண்ணை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறை என்றிருந்த பிரிவையும் 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. இனி அபராதம் மட்டுமே. மிச்சமிருக்கும் பாதுகாப்புகளில் ஒன்று, பண்ணைக்கும் அருகிலுள்ள விளைநிலத்துக்கும் இடையே மண்ணின் தன்மையைப் பொறுத்து 50 முதல் 100 மீட்டர் இடைவெளி வேண்டும் என்ற வழிகாட்டு நெறி. மண்ணின் தன்மையைப் பொறுத்து என்ற அந்தச் சொற்களை அடிக்கோடிட வேண்டும். மணற்பாங்கான மண்ணில் கசிவு வேகமாகப் பரவும். அங்கே 50 மீட்டர் எந்த அளவீட்டின் அடிப்படையில் போதுமெனக் கொள்ளப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்க நமக்கு உரிமை உண்டு. கோப்பில் மண் ஆய்வறிக்கை இல்லையென்றால் அதுவே ஒரு வாதம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உப்பு அளவு நமக்கு எதிராகவும் பயன்படும். விளைநிலத்தைக் குளமாக்கத் தடை இருப்பதால், அது விளைநிலமே அன்று என்று காட்டிவிட்டால் தடை உதிர்ந்துவிடும். பக்கத்துக் குளத்தின் கசிவால் வயல் உவராகும்; இரண்டு மூன்று ஆண்டுகள் பயிர் வராது; அடங்கலில் தரிசு என்று ஏறும்; பிறகு உவர்த் தரிசு என்ற பெயரில் அதுவே குத்தகைக்குப் போய்க் குளமாகும். ஒரு தேதியில் எடுத்த ஒற்றை அளவு, நிலம் பாழ் என்று மட்டுமே சொல்லும். எப்போதிலிருந்து, எந்தத் திசையிலிருந்து என்று சொல்லாது. பஞ்சமி நிலத்தைப் பிற சாதியினருக்கு விற்க முடியாது என்ற நிபந்தனையைச் சுற்றிப்போக, விளையாத நிலம் என்பதைக் காட்டிலும் வசதியான வழி வேறில்லை.

ஆகவே வழக்குக்கு வேண்டியது அளவுகளின் வரிசை. பண்ணைக் கரையிலிருந்து 25, 50, 100, 200 மீட்டர் தொலைவுகளில், ஒவ்வோர் இடத்திலும் 0-15, 15-30, 30-60 சென்டிமீட்டர் ஆழங்களில் மண் எடுத்து, மின்கடத்தும் திறனோடு சோடியம், கால்சியம், மக்னீசியமும் அளக்கப்பட வேண்டும். அதே வகை மண் கொண்ட, பண்ணையிலிருந்து வெகுதொலைவில் உள்ள ஒரு வயலின் மாதிரி ஒப்பீட்டுக்கு வேண்டும். கரையை நெருங்க நெருங்க உப்பும் சோடியமும் உயர்ந்தால் மூலம் எதுவென்பது தெளிவு. எங்கும் ஒரே அளவாக இருந்தால், நிலத்தடி நீர் பொதுவாகவே உவராகியிருக்கலாம் என்பதை நாம் ஏற்றாக வேண்டும். வழக்கின் திசை வேறாகும். பண்ணை வருமுன் எடுத்த அளவு பெரும்பாலும் கிடைக்காது. அந்த இடத்தை அடங்கல் நிரப்பும். எந்தப் பசலியில் என்ன பயிர் நின்றது என்ற பதிவு, உவர் மண்ணில் வராத பயிர் அங்கே வந்திருந்தது என்று காட்டினால், அதுவே பழைய மண்ணின் சாட்சி.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையையும் பின்பற்றுமாறு தீர்ப்பாயத்தைக் கட்டாயப்படுத்துகிறது. தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை தொழில் நடத்துபவர் மீதே என்பதையும் வேலூர் வழக்கு நிலைநாட்டியிருக்கிறது. எனினும் ஐயத்துக்கு இடமான முதல்நிலைச் சான்றை நாம் வைத்தால்தான் அந்தச் சுமை எதிர்த்தரப்புக்கு நகரும். உரிமையியல் நீதிமன்றமாயின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26-ஆம் ஆணை, 10ஏ விதிப்படி அறிவியல் ஆய்வுக்கு ஆணையரை அமர்த்தக் கோரலாம். இந்த விதியை நமது வழக்கறிஞர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது எங்கள் கருத்து.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதில் பேசப்படாமலேயே இருக்கிறது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிந்தைய 3(1)(ஜி) பிரிவு, பட்டியல் சாதியினரின் நிலத்தைப் பறிப்பதை மட்டும் குற்றமாக்கவில்லை. நிலம், நீர், பாசன வசதி ஆகியவற்றின் மீதான உரிமைகளைத் துய்ப்பதில் முறைகேடாகக் குறுக்கிடுவதையும் பயிரை அழிப்பதையும் குற்றமாக்குகிறது. 3(1)(எக்ஸ்) பிரிவு, அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுத்துப் பயன்பாட்டுக்குத் தகுதி குறைந்ததாக்குவதைத் தண்டிக்கிறது. வடிகாலில் உப்புநீரைத் திறந்துவிட்டு, அது சேரி மக்களின் குட்டையிலும் வயலிலும் தேங்குவது தெரிந்தும் தொடர்வது இப்பிரிவுகளுக்குள் வரும் என்பது எங்கள் வாதம். இது வெறும் சொத்துத் தகராறு என்று எதிர்த்தரப்பு ஹிதேஷ் வர்மா வழக்கின் 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டும் என்பது உறுதி. அத்தீர்ப்பு எழுந்தது 3(1)(ஆர்) பிரிவின்படியான இழிவுபடுத்தலைப் பற்றி. நிலத்தையே பொருளாகக் கொண்ட ஒரு பிரிவில், தகராறு நிலத்தைப் பற்றியது என்பதையே காரணமாக்கி வழக்கைத் தள்ள முடியாது என்று நாம் வாதிட வேண்டும். பலமுறை எச்சரித்தும் தொடர்ந்தார்கள் என்பதைக் காட்ட, தேதியிட்ட மனுக்களும் தேதியிட்ட அளவுகளும் அருகருகே இருக்க வேண்டும். குற்றவியல் வழக்கில் மெய்ப்பிக்கும் சுமை முழுதும் நம்முடையது என்பதால் இங்கே அளவீட்டின் தரம் இன்னும் கூர்மையாகச் சோதிக்கப்படும்.

பட்டா இல்லாதவர்களை மறந்துவிடக் கூடாது. நாகை, திருவாரூர்ப் பகுதிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பட்டியல் சாதியினர். அவர்களில் பெரும்பாலோர் பிறர் வயலில் நடவு நட்டும் களையெடுத்தும் கூலி பெறுபவர்கள். வயல் உவரானால் நிலவுடைமையாளர் அதைப் பண்ணைக்குக் குத்தகை விட்டு வருமானத்தைத் தக்கவைத்துக்கொள்கிறார். நடவுக்கூலி போனவருக்கு எதுவும் இல்லை. பண்ணைக்கு வேண்டியது சில காவலர்களும் இரவு பகலாகத் துடுப்பு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒருசிலருமே. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, தொழில் அல்லது வேலை இழப்பையும் இழப்பீட்டுத் தலைப்புகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. நிலம் இல்லாத பெண் கூலித் தொழிலாளர்கள் தங்கள் பெயரிலேயே இந்தத் தலைப்பில் மனு செய்யலாம். ஒரு வயலில் இத்தனை ஏக்கர் சாகுபடி நின்றது, ஏக்கருக்கு இத்தனை ஆள் நடவு, இத்தனை நாள் களை என்ற கணக்கு மண் அறிக்கையோடு சேரும்போது கூலி இழப்பு எண்ணாகிவிடும்.

கல்லூரித் தோழர்கள் இதில் உடனே கைகொடுக்க முடியும். கையடக்க மின்கடத்தி அளவி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. நிழலில் உலர்த்திச் சலித்த மண் ஒரு பங்கு, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் ஐந்து பங்கு, நன்றாகக் கலக்கித் தெளியவிட்டு அளந்தால் போதும். எந்த விகிதத்தில் கலந்தோம் என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும், இல்லையேல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. சோடியத்துக்குக் கருவியே வேண்டாத முதற்சோதனை ஒன்று உண்டு. பட்டாணி அளவு உலர்ந்த மண்கட்டியைக் காய்ச்சி வடித்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் அசைக்காமல் இட்டுச் சில மணி நேரம் விட்டுப் பார்த்தால், சோடியம் மிகுந்த களி பால்போலக் கலங்கிக் கட்டியைச் சுற்றிப் படரும். இவை தீர்ப்புக்குரிய சான்றுகள் அல்ல. எந்த வயலின் மண்ணை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்குச் செலவு செய்து அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் வழி. அனுப்பும்போது சர்வே எண், இருப்பிடக் குறியீடு, ஆழம், தேதி ஆகியவற்றை எழுதி, கிராம நிர்வாக அலுவலரையோ வேளாண் அலுவலரையோ உடன்வைத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டு ஒரு பங்கை நம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். அலுவலர் வர மறுத்தால், அழைத்த கடிதத்தின் ஒப்புகையும் கோப்பில் சேரட்டும்.

காலவரம்பு இதில் மிகக் கூரிய முள். தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோர, வழக்குக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுகள். பிற நிவாரணங்களுக்கு 6 மாதங்கள் மட்டுமே. இரண்டிலும் தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். உப்போ ஒரே நாளில் ஏறுவதில்லை. குளத்தில் நீர் நிரப்பிய முதல் நாளையே எதிர்த்தரப்பு காட்டும். வயல் எந்தக் கோடையில் 3 டெசிசீமனைத் தாண்டியது என்பதை நம்மால் காட்ட முடிந்தால் கணக்கு அங்கிருந்து தொடங்க வேண்டும் என்று வாதிட இடமுண்டு. அதற்கு ஒவ்வோர் ஆண்டும் இரண்டு முறை, தை அறுவடைக்குப் பின் ஒரு முறையும் வைகாசியில் முதல் மழைக்கு முன் ஒரு முறையும், அதே இடத்தில், அதே ஆழத்தில் மண் எடுத்து எழுதிவைத்த ஒரு நோட்டு அந்தந்தச் சேரியில் இருக்க வேண்டும். வரும் வைகாசிக்கான பட்டியலில் முதலில் சேர வேண்டியவை, இறால் குளத்தின் கரையிலிருந்து 100 மீட்டருக்குள் இருக்கும் தலித் பட்டா நிலங்களின் சர்வே எண்கள்.